சாதாரணம் என்ற பெட்டி

கல்யாண வீடுகளில் என் பக்கத்து இலைக்காரர் "இன்னா வேல பாக்குற?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர் வேல" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் மோர் ஊற்றும் வரை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் பேசியதை ஹெட்போனில் கேட்டு, அவர்கள் கோபமாக இருக்கிறார்களா, வருத்தமாக இருக்கிறார்களா என்று பார்த்து ஒரு பெட்டியில் டிக் அடிப்பதுதான் என் வேலை. இதற்காகவா எம்.எஸ்சி. படித்தாய் என்று ஒரு பெரியப்பா கேட்டார். நான் படித்த தாவரவியலுக்குச் செஞ்சியில் வேறு என்ன வேலை இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். அவர் ரசத்துக்குக் கையை நீட்டினார்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் பேசும் கருவி ஒன்றை நகரத்தில் ஒரு கம்பெனி செய்துகொண்டிருந்தது. நாம் பேசும் தமிழ் அதற்கு ஏற்கெனவே புரியும். நம் மனசுதான் புரியாது. அழுதுகொண்டே கேட்டாலும் சரி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாலும் சரி, ஒரே குரலில் நாளைக்கு மழை வருமா என்று சொல்லும். அதற்குக் கொஞ்சம் மனசு வைக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஆயிரக்கணக்கான குரல் துண்டுகளை எங்களைப் போன்றவர்களுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு துண்டும் பத்து, பன்னிரண்டு விநாடி ஓடும். மகிழ்ச்சி, கோபம், வருத்தம், பயம், வெறுப்பு, சாதாரணம் என்று ஆறு பெட்டிகள் இருக்கும். ஒரு துண்டை மூன்று பேர் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு பேராவது ஒரே பெட்டியில் டிக் அடித்தால் அது ஏற்கப்படும், கருவி அதைப் பாடமாகப் படித்துக்கொள்ளும்.

எங்கள் ஆபீஸ் திண்டிவனம் சாலையில், ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. எட்டு நாற்காலி, எட்டு கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர் கேன். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை தெரியும், ஆனால் திறக்க முடியாது. ஒருமுறை திறந்தபோது கோட்டைக் குரங்கு ஒன்று உள்ளே வந்து என் ஹெட்போனின் பஞ்சைப் பிய்த்துக்கொண்டு போனது. அதிலிருந்து என் இடது காதில் மட்டும் எல்லோரும் கொஞ்சம் கரகரப்பாகவே பேசினார்கள்.

முதல் ஆறு மாதம் எங்கெங்கிருந்தோ வந்த குரல்கள்தான். அந்த வேலையில் நாங்கள் கெட்டிக்காரர்கள். என் பக்கத்து நாற்காலியில் தளவானூர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒரு பெண் போனில் "சாப்டியா" என்று கேட்பதை வைத்தே, கேட்கப்பட்டது புருஷனா, பிள்ளையா, கடன் கேட்டு வந்த தம்பியா என்று சொல்லிவிடுவாள். பின் வரிசையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்து மூடிய அண்ணன் ஒருவர் இருந்தார். சிரிக்கிறவர் உண்மையிலேயே சிரிக்கிறாரா என்று கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எனக்குக் கோபம் அத்துப்படி. அதற்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை, வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

பிறகுதான் நகரத்திலிருந்து எங்களை நடத்தும் டீம் லீடர் தம்பி வீடியோவில் வந்து ஒரு புது யோசனை சொன்னார். உங்கள் பக்கத்துப் பேச்சு கருவிக்குப் பழக்கமில்லை, உள்ளூர் ஆட்களை அழைத்துவந்து பேசவைத்துப் பதிவு செய்யுங்கள் என்றார். ஆபீஸின் சாமான் அறையில் சுவரெல்லாம் பழைய மெத்தையைச் சாத்தி, நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டோம். பூக்கார அம்மா வந்தார். நெல் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் வந்தார். டீக்கடைக்காரர் வந்து, டீத்தூள் விற்கிற விலையைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார். யாருடைய பெயரும் பதிவில் வேண்டாம், சம்மதம் என்று ஒரு கையெழுத்து மட்டும் போதும். ஒரு காகிதத்தில் "இந்த வாரம் எப்படிப் போனது?" என்பது போல நாலு கேள்வி இருக்கும், அதைப் பார்த்துப் பேச வேண்டும்.

ஒரு அம்மா மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கூட்டம், ஸ்பெஷல் பஸ், எலுமிச்சம்பழம் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அங்காளம்மனின் பெயரைச் சொன்ன இடத்தில் அவருக்குச் சாமி வந்துவிட்டது. மெத்தை அறை அதிர்ந்தது. தளவானூர்ப் பெண் உரக்கடைக்கு ஓடிக் கற்பூரம் கேட்டாள். அங்கே யூரியாதான் இருந்தது. நல்லவேளை, டீக்கடைக்காரர் வீட்டிலிருந்து கற்பூரம் வந்தது.

ஒரு வாரம் கழித்து இந்தக் குரல்களெல்லாம் துண்டு துண்டாக, கலைத்துப் போட்டு, எங்களிடமே டிக் அடிக்க வந்தன. தெரிந்தவர் குரலாக இருந்தால் தொடாமல் தாண்டிவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. நகரத்தில் யாரோ எழுதிய விதி. இந்த ஊரில் அப்படித் தாண்டினால் மாலை வரை தாண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே நாங்கள் எட்டுப் பேரும் கூடிப் பேசாமலே ஒரு முடிவுக்கு வந்து, தாண்டாமல் டிக் அடித்தோம்.

அடித்ததெல்லாம் பெரும்பாலும் சாதாரணம்தான். பூக்கார அம்மாவா, அவர் எப்போதும் அப்படித்தான் இழுத்துப் பேசுவார், சாதாரணம். மூட்டைக்காரரா, அவர் குரலே அப்படி, சாதாரணம். சாமி வந்த துண்டு என்னிடம் வந்தபோது தளவானூர்ப் பெண்ணைக் கேட்டேன்.

"யக்கா, சாமி பேசுனதுக்குப் போயி கோவம்னு பொட்டி போட நான் யாரு? ஆள வுடுங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எதற்கு வம்பு என்று நானும் சாதாரணம் என்றே அடித்தேன்.

மூன்றாம் நாள் டீம் லீடர் தம்பி வீடியோவில் வந்தார். பொறுமையானவர்தான், அன்றைக்கு மட்டும் முகம் சரியில்லை.

"மேடம், செஞ்சியில யாருக்கும் உணர்ச்சியே கிடையாதா? பத்துல ஒன்பது சாதாரணம்னு வந்திருக்கு. ஒரு அம்மா உயிர் போற மாதிரி அலறுறாங்க, அதுவும் சாதாரணமா?"

"அது சாமிங்க சார்" என்றார் பின் வரிசை அண்ணன்.

தம்பி அதையும் குறித்துக்கொண்டார். பிறகு, எங்கள் ஊர்த் துண்டுகளையெல்லாம் தெற்கே இன்னோர் ஊரில் இருக்கும் குழுவுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். அவர்கள் டிக்கும் எங்கள் டிக்கும் எங்கே வேறுபடுகிறதோ, அதை யாராவது ஒருவர் மறுபடி கேட்டு, ஒன்று மாற்ற வேண்டும், இல்லையென்றால் மாற்றாததற்குக் காரணம் எழுத வேண்டும். அந்த ஒருவர் நான்தான் என்று ஆனது. அந்தக் கூட்டத்தில் "நம்ம ஊரு ஆளுங்க மனசு நமக்குத் தெரியாதா?" என்று அதிகமாகக் கத்தியது நான் என்பதால் கிடைத்த பரிசு.

இங்கே நான் நைனா என்று கூப்பிடுகிற என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவண்ணாமலை ரூட்டும் அமாவாசை ஸ்பெஷலும் அவர் காலில் ஓடியவை. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். காலையில் வாசலில் நின்று பல் விளக்கும்போதே, வெளியே போகிற பஸ்ஸுக்கு கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்வார். டெப்போவிலேயே கண்டுபிடிக்காததை இவர் பற்பசை நுரையோடு கண்டுபிடிப்பார்.

அவரை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். எங்கள் வீடு ஊருக்கு வெளியே புது மனைப் பிரிவில் இருக்கிறது. டைல்ஸ் தரை, தனி அறை, ஏ.சி., பஸ் சத்தமே கேட்காத அமைதி. நைனாவிடம் சொன்னபோது "சரிம்மா" என்றார். அவர் வீட்டுக்கு வாடகைக்கு ஒரு வாத்தியார் குடும்பத்தைப் பார்த்தேன், "சரிம்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற மினி வேன் சொன்னேன். அதற்கும் "சரிம்மா"தான். இவ்வளவு ஒத்துழைக்கிற அப்பா எத்தனை பேருக்குக் கிடைப்பார் என்று என் வீட்டுக்காரரிடம் பெருமை பேசினேன். அவர் தன் அப்பாவை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

மெத்தை அறையில் பேச நைனாவும் வந்திருந்தார். நான்தான் கூப்பிட்டேன். கதவைச் சாத்திவிட்டு நான் டீ வாங்கப் போய்விட்டேன், என்ன பேசினார் என்று கேட்கவில்லை. அப்புறம் அவர் துண்டு ஒன்று என்னிடமே வந்தது. இரண்டு விநாடி ஓடியதுமே நைனா என்று தெரிந்தது, சாதாரணம் என்று அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

வேறுபாட்டுப் பட்டியல் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. பூக்கார அம்மாவுக்கு அவர்கள் வருத்தம் போட்டிருந்தார்கள். "அவங்க இழுத்துப் பேசுவாங்க" என்று காரணம் எழுதினேன். சாமிக்குப் பயம் போட்டிருந்தார்கள். பேசுகிறவருக்குப் பயமா, கேட்கிறவருக்குப் பயமா என்று எழுதி அனுப்பினேன். இப்படி ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தபோது நைனாவின் துண்டு வந்தது.

எங்கள் பக்கம் மூன்று சாதாரணம். அவர்கள் பக்கம் மூன்று வருத்தம். குறிப்புப் பெட்டியில் அவர்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "இவர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறார்."

எனக்கு எப்படி வந்ததோ அப்படி ஒரு கோபம். யார் இவர்கள்? என் நைனா சோறு தின்னும்போது எந்தப் பக்கத்துப் பல்லால் மெல்வார் என்று தெரியுமா இவர்களுக்கு? பத்து விநாடி கேட்டுவிட்டு என் அப்பாவைப் பற்றி எனக்குக் குறிப்பு எழுதுகிறார்களா? நன்றாக நாலு வார்த்தை காரணம் எழுத வேண்டும் என்று முடிவு செய்து, எழுதுவதற்கு முன்னால் விதிப்படி ஒருமுறை துண்டை முழுசாக ஓடவிட்டேன்.

"பொண்ணு வூட்டுக்கே போயிடப்போறேன். அங்க எல்லா வசதியும் இருக்குது. எனக்கு இன்னா கொற... நல்லாதான் இருக்கேன்."

இன்னொரு முறை ஓடவிட்டேன். தினமும் போனில் கேட்கிற அதே குரல்தானே? வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. தளவானூர்ப் பெண்ணின் காதில் ஹெட்போனை மாட்டினேன்.

அவள் இரண்டு விநாடியிலேயே கழற்றிவிட்டாள். "உங்க நைனாதானக்கா. நான் அன்னிக்கே கேட்டன்."

"நீயும் சாதாரணம்தான போட்ட?"

அவள் கேனில் தண்ணீர் பிடிக்க எழுந்தாள். நான் விடவில்லை.

"போட்டன்க்கா. அது வேற."

"இன்னா வேற?"

"உங்க நைனாவுக்குப் போயி வருத்தம்னு எப்படிக்கா போடுறது? பொண்ணு சரியா பாத்துக்கலன்னு நானே எழுதிக் குடுத்தாப்ல ஆயிடாதா? பக்கத்துல ஒக்காந்து தெனம் உங்க கொழம்பத் தொட்டு சாப்பிடுறன்."

நான் பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது டிக் அந்த அண்ணனுடையது. அவர் கம்ப்யூட்டர் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டு, "நானும் மரியாதைக்குத்தான்மா போட்டன்" என்றார்.

அவமானமாக இருந்தது. ஆபீஸில் என்னோடு டிக் அடித்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெற்கே முகம் தெரியாத மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் ஒரு கருவிக்கும் தெரிந்துவிடும். எனக்கு மட்டும் தெரியவில்லை. பூக்கார அம்மாவுக்கு எழுதிய காரணத்தையும் திரும்பிப் போய் அழித்தேன். அவர் குரல் எப்போதும் அப்படித்தான் என்றால், எப்போதிலிருந்து அப்படி என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

செய்யக் கூடாத ஒரு காரியம் செய்தேன். ஸ்பீக்கரில் துண்டை ஓடவிட்டு, அதன் கடைசி வாக்கியங்களை என் போனில் பிடித்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு நைனா வீட்டுக்குப் போனேன்.

அவர் பாதி மூட்டை கட்டி முடித்திருந்தார். சுவர்க் கடிகாரம் கட்டிலில் மல்லாந்து கிடந்து ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் புடவைகளை மடித்துத் தனியாக ஓர் அட்டைப் பெட்டியில் வைத்திருந்தார். முறுக்கு டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"நைனா, எங்க வூட்டுக்கு வர்றதுல உனக்கு இஷ்டம்தான?"

"இதென்ன கேள்வி? இஷ்டம்தான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்மா. எனக்கு இன்னா கொற."

வரிக்கு வரி அதே குரல். நேராகக் கேட்டால் இவரிடமிருந்து ஒன்றும் பெயராது என்று புரிந்தது. போனை எடுத்து அந்தத் துண்டை ஓடவிட்டேன். எனக்கு இன்னா கொற, நல்லாதான் இருக்கேன். அவ்வளவுதான் அதில் இருந்தது. இது ஆபீஸ் வேலை, கேட்டுவிட்டு ஆள் எப்படி இருக்கிறார் என்று சொல் என்றேன்.

பஸ் என்ஜினைக் கேட்கிற மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொருமுறை போடச் சொன்னார்.

"யாரும்மா இது? பாவம். எறங்க வேண்டிய ஸ்டாப்ப வுட்டுட்டு, கண்டக்டரக் கேக்கவும் கூச்சப்பட்டுக்கினு ஒக்காந்துருக்கான் ஆளு."

தன் குரலை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. பதிவு செய்த நம் குரல் நமக்கு அந்நியம்தான், இந்த வேலைக்கு வந்தபோது எனக்கே அப்படி இருந்தது. முறுக்கு காரம் என்று சொல்லி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.

"நீதான் நைனா."

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்த கடிகாரத்தை எடுத்து, தூசி இல்லாத கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

"நீ ஆசையா கூப்புட்ட. வேணான்னு எப்டிம்மா சொல்றது?"

"வாயத் தெறந்துதான்."

"அங்க வந்தா சத்தமே இல்ல. அன்னிக்கு ராத்திரி தங்குனேனே, காது அடச்சிக்கினாப்ல இருந்துது. இங்கன்னா நாலே முக்காலுக்கு மொத வண்டி எடுப்பான். உங்கம்மா அப்பத்தான் எழுந்து அடுப்பு பத்த வெப்பா. இப்பவும் அந்த வண்டி எடுத்தாத்தான் எனக்கு விடிஞ்சா மாதிரி இருக்குது." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப நான் இங்கயே இருக்கட்டுமா?"

அறுபத்தைந்து வயது மனிதர், சொந்த வீட்டில் இருக்க என்னிடம் உத்தரவு கேட்டார். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. பிறகு ஒரு ஆணியைத் தேடி எடுத்துக் கடிகாரத்தைப் பழைய இடத்திலேயே மாட்டினேன். வாத்தியாருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். மினி வேன்காரர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் மட்டும், "அப்ப அந்த ரூம்ல நான் கேரம் போர்டு வெச்சிக்கட்டா?" என்று கேட்டார். அவர் குரலை எந்தப் பெட்டியில் போடுவதென்று எனக்கு அப்போதே தெரிந்தது.

திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து நைனாவின் துண்டைத் திறந்து, சாதாரணத்தை எடுத்துவிட்டு வருத்தத்தில் டிக் அடித்தேன். மாற்றினாலும் விடவில்லை, முதலில் தவறாகப் போட்டதற்குக் காரணம் எழுதும்படி குறிப்புப் பெட்டி கேட்டது. கொஞ்சம் யோசித்து, "கேட்டவர் பேசியவரின் மகள்" என்று எழுதினேன். டீம் லீடர் தம்பியிடமிருந்து, புரியவில்லை, தெளிவாக எழுதவும் என்று பதில் வந்தது. அதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

பதினோரு மணி இருக்கும், நைனாவிடமிருந்து போன். எடுத்ததும் வழக்கம்போல ஒரு "நல்லாதான் இருக்கேன்" வரும் என்று எதிர்பார்த்தேன்.

"யாம்மா, மூணு நாளா ஒருத்தரு எட்டிப் பாத்தீங்களா? தண்ணி மோட்டாரு ஓடல. நீ மாட்டுன கெடியாரம் கோணலா நிக்கிது. அம்மா பொடவைங்கள எந்தப் பொட்டியில வெச்சேன்னு தெரியாம நேத்து பூராத் தேடினேன். நீ அனுப்புன கொழம்புல உப்பும் இல்ல. கேக்க நாதியில்லையா எனக்கு?"

நிறுத்தாமல் திட்டிக்கொண்டே போனார். நான் ஸ்பீக்கரைப் போட்டு போனை மேஜை நடுவில் வைத்தேன். தளவானூர்ப் பெண் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு வந்தாள். பின் வரிசை அண்ணன் எழுந்து வந்து நின்றார். இந்த முறை யாரும் மரியாதை பார்க்கவில்லை.

"கோவம்" என்றாள் அவள்.

"சுத்தமான கோவம்" என்றார் அவர்.

"கோவம்தான்" என்றேன் நானும். மூன்றுக்கு மூன்று. உடனே வர்றேன் நைனா என்று சொல்லிவிட்டு, மோட்டார் மெக்கானிக்கின் நம்பரைத் தேட ஆரம்பித்தேன்.